மெய்நிகர் கணினிகளில் சேமிப்பக டிரைவர் சிக்கல்கள்

மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம் தன் வட்டைப் படிக்கவும் அதில் எழுதவும் பயன்படுத்தும் மென்பொருளே சேமிப்பக டிரைவர். மெய்நிகர் கணினியை இயக்கும் ஹைப்பர்வைசர் எந்த வகைக் கட்டுப்படுத்தியைக் காட்டுகிறதோ, அதற்குரிய டிரைவர் உள்ளே தயாராக இருக்க வேண்டும். விஎம்வேர் ஹைப்பர்வைசரில் ஓடிய சர்வரைக் கேவிஎம் ஹைப்பர்வைசருக்கு மாற்றும்போதும், ஐடிஇ வட்டை வேகத்துக்காக, மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான வர்ட்ஐஓ வகைக்கு மாற்றும்போதும் இந்தப் பொருத்தம் குலைகிறது. விண்டோஸ் நீலத்திரையில் ‘இனாக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று சொல்லி நிற்கும். லினக்ஸ் ரூட் பகுதியைத் தேடிக் களைத்து அவசர ஷெல்லில் விழும். இதைப் பார்த்ததும் வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் பழுதுபார்க்கும் கருவிகளை ஓட விடுவது பரவலான வழக்கம். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

பூட் ஆகும்போது வட்டை முதலில் படிப்பது பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர். பூட் லோடரும் அதன் உதவியோடுதான் கர்னலையும் தொடக்க டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கர்னல் பொறுப்பேற்ற பிறகு வட்டை எட்ட அதன் சொந்த டிரைவரை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே விண்டோஸ் சின்னம் தோன்றிய பின் நீலத்திரை வந்தால், சற்று முன்வரை அதே வட்டிலிருந்து கோப்புகள் சரியாகவே படிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். அங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரைவரை. மாறாக, பூட் செய்ய வட்டே இல்லை என்ற செய்தி தொடக்கத்திலேயே வந்தால் டிரைவரைத் தேடுவது வீண். பூட் வரிசை தவறியிருக்கலாம். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய கணினியைப் பயாஸ் முறையில் எழுப்ப முயன்றிருக்கலாம்.

விண்டோஸில் டிரைவர் கோப்பு வட்டில் இருப்பது மட்டும் போதாது. ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் ‘ஸ்டார்ட்’ மதிப்பு 0 ஆக இருந்தால்தான் பூட் லோடர் அதைக் கர்னலோடு சேர்த்து ஏற்றும். 3 என்றிருந்தால் தேவைப்படும்போது மட்டுமே ஏறும், அதற்குள் பூட் தோற்றுவிடும். எனவே நம்பத்தக்க வழி, கட்டுப்படுத்தியை மாற்றுவதற்கு முன்பே டிரைவரைப் பழக்கிவிடுவது. பழைய கட்டுப்படுத்தியிலேயே பூட் செய்து, வர்ட்ஐஓ வகையில் ஒரு சிறிய வெற்று வட்டைக் கூடுதலாக இணைத்து, வர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை நிறுவ வேண்டும். விண்டோஸ் அந்த வட்டை அடையாளம் கண்டபின் கணினியை அணைத்து முதன்மை வட்டையும் மாற்றலாம். இங்கே ஒரு பொறி உண்டு: வர்ட்ஐஓ பிளாக்கும் வர்ட்ஐஓ ஸ்கசியும் வெவ்வேறு சாதனங்கள், முன்னதற்கு வியோஸ்டார், பின்னதற்கு வியோஸ்கசி. வெற்று வட்டு ஒரு வகையிலும் முதன்மை வட்டு மறு வகையிலும் இருந்தால் நீலத்திரை மறுபடி வரும். ஏற்கெனவே தோற்றுவிட்ட கணினியைப் பழைய கட்டுப்படுத்திக்குத் திருப்பினால் போதும், பெரும்பாலும் எழுந்துவிடும். அதற்கு வழியில்லாதபோது மீட்புச் சூழலுக்குள் போக நேரும். அங்கே ‘டிஆர்விலோட்’ கட்டளை வட்டை அந்தச் சூழலின் கண்ணுக்குத் தெரியவைக்கும், அவ்வளவே. நிறுவப்பட்ட விண்டோஸுக்குள் டிரைவரைச் சேர்ப்பது ‘டிஸ்ம்’ கட்டளை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வீணாகும் நேரம் கொஞ்சமல்ல.

லினக்ஸில் கதை வேறு. 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 கர்னல் முதலே வர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ளன. அப்படியிருந்தும் பூட் ஏன் தோற்கிறது? ரெட்ஹேட் குடும்பத்தில் தொடக்க நினைவகப் படிமத்தை உருவாக்கும் டிராகட், தற்போதைய வன்பொருளுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் அதில் சேர்க்கிறது. விஎம்வேரில் உருவான படிமத்தில் வர்ட்ஐஓ இல்லாமல் போவது அதனால்தான். கிரப் பூட் லோடரின் பட்டியலில் உள்ள மீட்புக் கர்னலின் படிமம் அப்படிக் குறுக்கப்படாதது. அதில் எழுப்பி, டிராகட்டைக் கொண்டு படிமத்தை மீண்டும் உருவாக்கினால் சிக்கல் தீரும். எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டின் பெயர் எஸ்டிஏ என்று எழுதியிருந்தால், வர்ட்ஐஓ பிளாக்கில் அந்தப் பெயர் இப்போது விடிஏ ஆகியிருக்கும். யூயூஐடி எழுதியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு பாடுபடுவானேன், ஐடிஇயிலேயே விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். நோயறிய அது மிகச் சிறந்த சோதனை. நிரந்தரத் தீர்வாக ஏற்க முடியாது. ஐடிஇ என்பது பழைய வன்பொருளின் முழுப் போலி. வட்டுக்கான ஒவ்வொரு வேண்டுகோளும் ஹைப்பர்வைசரைப் பலமுறை குறுக்கிட வைக்கிறது. வழக்கமான அமைப்பில் நான்கு சாதனங்களுக்கு மேல் இணைக்கவும் இயலாது. தரவுத்தள சர்வருக்கு இது கட்டுப்படியாகாது. வட்டு உண்மையிலேயே கெட்டிருந்தால் என்ன செய்வது என்பது இதைவிட வலுவான கேள்வி. அதற்கும் விடை அதே சோதனையில் இருக்கிறது: பழைய கட்டுப்படுத்தியிலும் பூட் தோற்றால்தான் கோப்பு முறைமையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் வட்டுப் படிமத்தின் நகலை எடுத்துவிட்டு, பழுதுபார்ப்பதை நகலில் செய்ய வேண்டும்.

நின்ற கட்டத்தை வைத்துக் காரணம் சொல்லும் இந்த முறை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது தடுமாறும் கணினிக்கு அப்படியே பொருந்தாது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 129 என்ற எண்ணோடு சாதனம் ரீசெட் செய்யப்பட்டதாகச் செய்தி வரும்போது பழி டிரைவர் மேல் விழுகிறது. அந்த டிரைவரோ, உரிய நேரத்துக்குள் பதில் வராததைத்தான் தெரிவிக்கிறது. லினக்ஸில் ஸ்கசி வட்டுக்கான இயல்பான காத்திருப்பு 30 வினாடி. விஎம்வேர் டூல்ஸ் அதை 180 வினாடியாக உயர்த்துகிறது. நேரத்தைக் கூட்டினால் பிழைச்செய்தி குறையலாம், தாமதம் அப்படியே இருக்கும். ஒரே சேமிப்பகத்தைப் பகிரும் பல மெய்நிகர் கணினிகளின் பதிவுகளை நேரப்படி ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே நிமிடத்தில் செய்தி இருந்தால், தேட வேண்டிய இடம் ஹோஸ்ட்டும் அதற்குக் கீழுள்ள சேமிப்பகமும். ஒரே கணினியில் மட்டும் இருந்தால் டிரைவரின் பதிப்பைப் புதுப்பித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.