முள் சொன்ன பொய்

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரத்தைத் தொட்டதும் ஆரம்பிக்கும் கச்சேரி. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. ஏறும்போது எண்ணுவது ஜாலி. இறங்கும்போது எண்ணுவது பிரார்த்தனை!

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. அவன் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். அது என்ன வேகத்தில் ஓடியது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. அவசியமும் இல்லை. பள்ளத்தைப் பார்த்தால் குதிரை தானாக நின்றுவிடும். ஜீப்புக்கு அந்தப் புத்தி கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் ஒரு வட்டக் கண்ணாடியும் அதற்குள் ஒரு முள்ளும் வைத்திருக்கிறார்கள்.

அந்த முள் என்னிடம் ஒருமுறை பொய் சொன்னது.

கல்லூரி முடித்த புதிது. நண்பனின் மாமா ஒரு கிழட்டு ஜீப் வைத்திருந்தார். என்னைவிட வயதில் மூத்தது. செம்மேட்டிலிருந்து இறங்கும்போது, ‘‘மாமா, நான் கொஞ்ச தூரம் ஓட்டறேனே’’ என்று கெஞ்சி வாங்கிவிட்டேன். ஸ்பீடாமீட்டர் முள், சாமி வந்த மாதிரி 20-க்கும் 30-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. நான் பி.காம். இல்லையா? சராசரி 25 என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். 25 கிலோமீட்டர் ஒரு வேகமா? தாராளமாக மூன்றாவது கியரில் விட்டேன்.

அடுத்த வளைவு நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாக வந்தது. பிரேக்கை மிதித்தால், மிதித்த அளவுக்கு நிற்கவில்லை. கருகல் வாசனை வேறு. பின்சீட்டிலிருந்த மாமா முன்னால் பாய்ந்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். முன்சக்கரம் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

‘‘எவ்வளவுல வந்தே தம்பி?’’

‘‘இருபத்தஞ்சுதான் மாமா!’’

மாமா டயலின் அடிப்பகுதியைத் துடைத்துக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது, மணிக்கு மைல் என்று.

25 மைல் என்றால் 40 கிலோமீட்டர். வேகம் 25-லிருந்து 40-ஆனால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். இதை நான் அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கை நடுக்கம் நின்ற பிறகு!

மைல் எப்படி அங்கே வந்தது? மெட்ரிக் அளவுகளுக்கான சட்டத்தை இந்தியா 1956-ல் இயற்றியது. 1958-லிருந்து படிப்படியாக அமலுக்கு வந்து, 1960-களில் மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாக மாறின. சாலை மாறிவிட்டது. அதற்கு முன்பு பிறந்த வண்டிகளின் டயல் மாறவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வேகத்தை அளக்கும் ஆசை மோட்டாருக்கும் முந்தியது. கப்பல்காரர்கள் கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் போட்டு, நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டுப் போகின்றன என்று எண்ணுவார்கள். அதுதான் கப்பலின் வேகம். இன்றைக்கும் கப்பல் வேகத்தை ‘நாட்’ என்றுதான் சொல்கிறோம். நாட் என்றால் முடிச்சு!

நிலத்திலோ, வேகம் ஒரு குற்றமான பிறகுதான் அதை அளப்பது அவசியமானது. 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்ட்டர் அர்னால்ட் என்பவர் மோட்டார் வண்டியில் ‘பறந்தார்’. மணிக்கு 8 மைல்! ஊருக்குள் அனுமதி 2 மைல்தான். போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகமாகப் போனதற்கு ஒரு ஷில்லிங் அபராதம்.

1902-ல் ஜெர்மன்காரரான ஓட்டோ ஷூல்ட்ஸே தன்னுடைய ஸ்பீடாமீட்டருக்கு பேடன்ட் வாங்கினார். அதன் விதையைப் போட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி அரகோ. சுழலும் செப்புத் தட்டு பக்கத்திலிருக்கும் காந்த ஊசியைத் தன்னோடு இழுக்கிறது என்று 1824-ல் கண்டுபிடித்தார். செம்பு காந்தத்தில் ஒட்டாத உலோகமாயிற்றே, எப்படி இழுக்கிறது? 1831-ல் ஃபாரடே விடை சொன்னார். காந்தமும் தட்டும் ஒன்றையொன்று தாண்டிச் சுழலும்போது தட்டுக்குள் மின்சாரச் சுழல்கள் பிறக்கின்றன. இழுப்பது அவைதான்.

ஷூல்ட்ஸேயின் வழிவந்த பழைய மீட்டர்கள் எல்லாவற்றிலும் வேலை இதுதான். பைக் என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்திலிருந்து, ஜீப், கார் என்றால் கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கேபிள் வரும். அது டயலுக்குப் பின்னால் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் அதை மூடியிருக்கும். கிண்ணத்தோடு சேர்ந்தது முள். காந்தம் இழுக்க, ஒரு மெல்லிய ஸ்பிரிங் தடுக்க, இரண்டும் சமரசமாகும் இடத்தில் முள் நிற்கும்.

ஆக, முள் காட்டுவது ஒரு சமரசத்தை. யார் பலவீனமானாலும் கணக்கு தப்பும். ஸ்பிரிங் தளர்ந்தால் முள் அதிகமாகக் காட்டும். காந்தம் சோர்ந்தால் குறைவாகக் காட்டும். கேபிள் கிரீஸ் இல்லாமல் காய்ந்து போனாலோ, எங்காவது மடங்கியிருந்தாலோ முள் ஆட ஆரம்பிக்கும். மாமாவின் ஜீப்புக்கு வந்த வியாதி இதுதான். நாமக்கல் மெக்கானிக் கேபிளை உருவித் துடைத்து, கொஞ்சமாக கிரீஸ் தடவிப் போட்டார். சாமி மலையேறிவிட்டது. (கிரீஸை அப்பி வைத்தால் அது மீட்டருக்குள் ஏறி முள்ளையே ஒட்ட வைத்துவிடும், ஜாக்கிரதை!)

டயரும் பொய் சொல்ல வைக்கும். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான். டயர் தேய்ந்தாலோ, சின்னதாகப் போட்டாலோ முள் அதிகம் காட்டும். கம்பீரத்துக்காகப் பெரிய டயர் மாட்டினால் குறைத்துக் காட்டும்.

இந்த இரண்டு பொய்களும் ஒன்றல்ல. அதிகம் காட்டும் முள் உங்களைத் தாமதமாகக் கொண்டு சேர்க்கும். குறைத்துக் காட்டும் முள் கொண்டு சேர்க்காமலே போகலாம். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் விதி இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது. அதிகமாகக் காட்டலாம், பத்து சதவிகிதமும் கூட ஒரு 4 கிலோமீட்டரும் வரை. அதாவது 60-ல் போகும்போது 70 என்று காட்டினாலும் பாஸ்! எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் சொல்வார், ‘‘லாபத்தைக் குறைச்சு மதிப்பிடு, நஷ்டத்தைக் கூட்டி மதிப்பிடு.’’ அதே தத்துவம்தான்.

நம் ஊரில் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதி ஸ்பீடாமீட்டரைக் கட்டாயமாக்குகிறது. இருக்கிறது, சரி. உண்மை பேசுகிறதா?

நீங்களே சோதிக்கலாம். நேரான, கூட்டமில்லாத சாலையில் ஒரே வேகத்தில் போங்கள். பக்கத்தில் இருப்பவர் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கட்டும். 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் உண்மையான வேகம். 60 வினாடி என்றால் 60. 45 வினாடி என்றால் 80. செல்போனில் ஜி.பி.எஸ். இருந்தால் இன்னும் சுலபம். ஆனால், மலையும் மரமும் மறைக்கும் வளைவுகளில் அதுவும் தடுமாறும்.

அப்படியானால் கொல்லிமலையில் எதை நம்புவது?

அன்றைக்கு மாமா என்னை இறக்கிவிடவில்லை. ‘‘நீயே ஓட்டு. இல்லேன்னா இனி எப்பவும் ஓட்ட மாட்டே’’ என்றார். பிரேக் சூடு ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்பீடாமீட்டர் மேல் போட்டு மூடினார்.

‘‘ஏறும்போது எந்த கியர் போட்டோமோ, அதே கியர்ல இறங்கு. இன்ஜின் சத்தத்தைக் கேளு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காதே, சூடேறினா அது கைவிட்டுரும்.’’

இரண்டாவது கியர். இன்ஜின் முனகலோடு வண்டியை இழுத்துப் பிடித்தது. மீதி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். காரவள்ளி வந்ததும் மாமா துண்டை எடுத்து உதறி, தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அவ்வளவு வியர்த்திருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.