எண்ணெய்த் தேக்க அழுத்தத்தை எண்வழிக் கணித்த வரலாறு: கிழக்கு டெக்சாஸ் முதல் பீஸ்மன் வரை

முன்னுரை

நிலத்தடிப் பாறையின் நுண்துளைகளில் அடைபட்டுள்ள எண்ணெயைக் கிணற்றை நோக்கித் தள்ளுவது அங்கு நிலவும் அழுத்தமே. எண்ணெய் எடுக்க எடுக்க அது குறையும். எவ்விடத்தில், எவ்வளவு விரைவாகக் குறையும் என்பதை முன்கூட்டியே அறியும் முயற்சி எண்வழிக் கணிப்பாக வளர்ந்த வரலாற்றையும், கணித்த எண்ணின் பொருள் பற்றி எழுந்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒற்றைக் கலன்

மணலின் ஊடே பாயும் நீரின் அளவு நீர்மட்ட வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை, பிரான்சின் திஜோன் நகர நீர்வழங்கல் குறித்து 1856இல் வெளியிட்ட நூலில் ஆன்றி தார்சி நிறுவினார். 1930இல் கண்டறியப்பட்ட கிழக்கு டெக்சாஸ் வயலில் கட்டுப்பாடின்றிக் கிணறுகள் தோண்டப்பட்டன. விலையும் அழுத்தமும் சரிந்தன. 1931 ஆகஸ்டில் ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் படையை அனுப்பி உற்பத்தியை நிறுத்தினார். இச்சூழலில் அழுத்தம் தனி ஆய்வுப்பொருளாயிற்று. 1936இல் ஷில்துயிஸ் அளித்த பொருட்சமநிலைச் சமன்பாடு வயல் முழுவதையும் ஒரே கலனாகக் கொண்டது; அது தந்ததும் ஒரே சராசரி அழுத்தமே. 1943இல் புரூஸ் அமைத்த மின்கருவியில் மின்னழுத்தம் பாறையழுத்தத்தையும், மின்னோட்டம் பாய்வையும் குறித்தன.

கட்டங்களாகப் பகுத்தல்

தேக்கத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் தார்சி விதியையும் பொருட்சமநிலையையும் பொருத்துவது எண்வழி முறை. முந்தைய நேர அழுத்தங்களிலிருந்து மட்டும் புதியவற்றைக் கணித்தால், கட்ட அகலம் பாதியாகும்போது நேர இடைவெளியைக் காற்பங்காகக் குறைக்கவேண்டும். மீறினால் பிழை பெருகி விடையை அழித்துவிடும். எல்லாக் கட்டங்களையும் ஒருங்கே தீர்த்தால் இத்தடை நீங்கும். ஆனால், இருபரிமாணத்தில் அன்றைய கணிப்பொறிகளுக்கு அது பெருஞ்சுமை. ஹூஸ்டனின் ஹம்பிள் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த பீஸ்மனும் ராக்ஃபோர்டும் 1955இல் இதற்கு வழி கண்டனர். ஓர் அரைப்படியில் நிரைகளையும், அடுத்த அரைப்படியில் நிரல்களையும் தனித்தனியே தீர்ப்பது அம்முறை.

கிணற்றுக் கட்டம்

கட்டத்தின் அகலம் நூறு மீட்டர். கிணற்றின் அகலமோ ஒரு சாண். எனில், கணிப்பொறி தரும் அழுத்தம் எவ்விடத்தினுடையது? கட்டப் பரப்பின் சராசரி என்பதே முந்தைய கருத்து. சதுரக் கட்டத்தில், சீரான பாறையில், நிலையான பாய்வில், கிணற்றிலிருந்து கட்ட அகலத்தின் 0.2 மடங்குத் தொலைவில் நிலவும் அழுத்தமே அது என 1978இல் பீஸ்மன் காட்டினார். 100 மீட்டர் கட்டத்தில் அது 20 மீட்டர் தொலைவு. சராசரிக் கருத்தின்படி அத்தொலைவு ஏறத்தாழ 34 மீட்டர். கிணற்றின் ஆரம் 10 சென்டிமீட்டர் எனில், அழுத்த வேறுபாடு மாறாதபோது, பழைய கருத்து உற்பத்தி வீதத்தை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைத்துக் காட்டும்.

முடிவுரை

1955இன் முறை கணிப்பைச் செய்யத்தக்கதாக்கியது. 1978இன் முடிவு கணித்த எண்ணைக் கிணற்றில் அளந்த அழுத்தத்தோடு ஒப்பிடத்தக்கதாக்கியது. இரண்டாவது தெளிவு கிடைக்கும்வரை, அளவீட்டுடன் முரண்பட்ட கணிப்பில் பிழை பாறைத் தரவிலா, பொருள்கொண்ட முறையிலா எனப் பிரித்தறிவது அரிதாகவே இருந்தது.