ஃபோர்-லிங்க் பின் சஸ்பென்ஷன் (பழைய பிக்கப் டிரக்குகளில்)

ஃபோர்-லிங்க் பின் சஸ்பென்ஷன் என்பது வாகனத்தின் பின் ஆக்சிலை நான்கு தண்டுகளால் சேஸுடன் பிணைக்கும் அமைப்பு. இரண்டு தண்டுகள் ஆக்சிலின் மேற்பகுதியையும் இரண்டு தண்டுகள் கீழ்ப்பகுதியையும் பிடித்துக்கொள்கின்றன. தண்டுகள் எடையைச் சுமப்பதில்லை. அந்த வேலைக்குச் சுருள் ஸ்பிரிங்கோ காற்றுப்பையோ தனியாகப் பொருத்தப்படும். அமெரிக்காவில் 1940களிலிருந்து 1970கள் வரை வந்த பிக்கப் டிரக்குகளைப் புதுப்பிப்பவர்கள், ஆலையில் பொருத்தப்பட்ட பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இந்த அமைப்பை மாட்டுவது பரவலான வழக்கம். அவ்வாறு மாற்றப்படும் வண்டிகளில் செவ்ரோலெட் 3100 முக்கியமானது. 1947இன் நடுவில் அறிமுகமாகி 1955இன் தொடக்கம் வரை விற்பனையான ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையைச் சேர்ந்த அரை டன் பிக்கப் அது. அதன் முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம் 116 அங்குலம், அதாவது 2,946 மி.மீ. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த வண்டியைச் சார்ந்தவை.

பட்டை ஸ்பிரிங் செய்துவந்த வேலைகள்

பட்டை ஸ்பிரிங் எளிய பொருளாகத் தெரிந்தாலும் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. எடையைத் தாங்குகிறது, ஆக்சில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிக்கிறது, இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றும்போது ஆக்சில் ஹவுசிங் எதிர்த்திசையில் திரும்ப முயல்வதையும் தடுக்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டமும் ஓரளவு அடங்குகிறது. பின் ஆக்சிலைப் பட்டைகளே பிடித்திருக்கும் இந்த முறைக்கு ஹாட்ச்கிஸ் டிரைவ் என்று பெயர்.

இதன் குறை, ஒரு வேலைக்காகச் செய்யும் மாற்றம் மற்றவற்றையும் பாதிப்பதுதான். சுமைக்காகக் கெட்டியாக்கப்பட்ட பட்டை, பின்புறச் சுமைத் தொட்டி வெறுமையாக ஓடும்போது வண்டியைத் தூக்கிப் போடும். பட்டைகளைக் குறைத்து மென்மையாக்கினால், முறுக்குவிசை ஏறும்போது பட்டை ‘எஸ்’ வடிவில் வளைந்து, ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முனை மேலே எழும்பும். டயர் பிடி இழந்து மீண்டும் பற்றிக்கொள்வதால் பின்பகுதி தடதடவென்று குதிக்கும்.

செவ்ரோலெட் 3100இல் இன்னொரு விஷயமும் உண்டு. 1954 வரை வந்த இந்த வண்டிகளில் புரோபெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸுடன் இணைந்த ஒரு குழாய்க்குள் மூடப்பட்டிருந்தது. ஆக்சிலின் முறுக்கை அந்தக் குழாய்தான் தாங்கியது. பின்னாளில் வி8 இன்ஜினும் புதிய கியர்பாக்ஸும் திறந்த ஷாஃப்ட் ஆக்சிலும் பொருத்தும்போது அந்தக் குழாய் இல்லாமல் போகிறது. அதுவரை பட்டைக்குத் தொடர்பே இல்லாத ஒரு விசை திடீரென்று அதன் தலையில் விழுகிறது. இந்த வண்டியில் ஃபோர்-லிங்க் மாட்டுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவே மிக வலுவானது. வண்டியைத் தாழ்த்தி அழகு பார்ப்பதெல்லாம் அடுத்தபடிதான்.

அமெரிக்க ஆலைகளில் இதன் வரலாறு

பின் ஆக்சிலைத் தண்டுகளால் பிடிப்பது புதுப்பிப்பவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1960இல் வந்த செவ்ரோலெட் சி10 பிக்கப்பிலேயே பின்புறம் சுருள் ஸ்பிரிங்கும் நீளமான இரண்டு இழுவைக் கைகளும் பக்கவாட்டைப் பிடிக்கும் ஒரு தண்டும் இருந்தன. ஒவ்வொரு கையும் ‘சி’ வடிவச் சட்டங்கள் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்துச் செய்யப்பட்டது. வண்டி சாயும்போது அது தானே சற்று முறுகி இடம்கொடுக்கும். இந்த ஏற்பாடு எவ்வளவு நல்லது என்பதற்கு நாஸ்கார் பந்தயமே சாட்சி. அதன் முதன்மைப் பிரிவுக் கார்கள் இதே வகைக் கைகளை 2021 பருவம் வரை பயன்படுத்தின. ஆனால் செவ்ரோலெட்டோ 1973இல் தன் அரை டன் பிக்கப்புகளில் பட்டைக்கே திரும்பிவிட்டது.

நான்கு தண்டு அமைப்பு 1964 செவெல் காரிலும் 1979இல் தொடங்கிய மஸ்டாங் தலைமுறையிலும் வந்தது. 2009 டாட்ஜ் ராம் 1500 பிக்கப், பட்டையை விட்டுச் சுருள் ஸ்பிரிங்கும் ஐந்து தண்டுகளும் கொண்ட பின் சஸ்பென்ஷனுக்கு மாறியது.

இணை வகை, முக்கோண வகை

இணை வகையில் நான்கு தண்டுகளும் சேஸின் நெடுஞ்சட்டங்களை ஒட்டி நேராகச் செல்லும். ஆக்சில் பக்கவாட்டில் நகர்வதை இவற்றால் தடுக்க முடியாது. அதற்கு ஒரு முனை சேஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் இருக்கும் குறுக்குத் தண்டு ஒன்று வேண்டும். இதைப் பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரால் பேனார்ட் தண்டு என்கிறார்கள். முக்கோண வகையில் மேல் தண்டுகள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் ‘வி’ போல் சாய்ந்து ஹவுசிங்கின் நடுப்பகுதியில் வந்து சேரும். பக்கவாட்டுப் பிடிப்பை அந்தச் சாய்வே தருவதால் குறுக்குத் தண்டு தேவையில்லை. இரு மேல் தண்டுகளுக்கு இடையிலான கோணம் 40 பாகைக்குக் குறைந்தால் பின்பகுதி பக்கவாட்டில் அசையத் தொடங்கும்.

முக்கோண வகை பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் பழைய பிக்கப்பின் நடுவில் புகைக்குழாயும், இடம் மாற்றிய பெட்ரோல் டேங்கும், தொட்டியின் அடித்தளமும் நெருக்கியடித்து நிற்கும். அந்த இடத்தில் போதிய கோணம் கிடைக்காவிட்டால் இணை வகையும் பேனார்ட் தண்டுமே மேல். பேனார்ட் தண்டின்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: ஆக்சில் ஏறி இறங்கும்போது அது வளைவுப்பாதையில் சுழல்வதால் ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும் என்பது. இழுப்பது உண்மை, எவ்வளவு என்று கணக்கிட்டால் பயம் தெளியும். 90 செ.மீ. நீளத் தண்டு கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டு, ஆக்சில் 7.5 செ.மீ. ஏறினால் நகர்வு ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே. 60 செ.மீ. தண்டானால் ஏறத்தாழ 5 மி.மீ. ஆகவே தண்டு முடிந்தவரை நீளமாகவும், வண்டி தன் எடையில் நிற்கும்போது கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும். அந்த நகர்வே கூடாது என்பவர்கள் ஜேம்ஸ் வாட் 1784இல் நீராவி இயந்திரத்துக்காக வடிவமைத்த இணைப்பின் வழிவந்த வாட் இணைப்பைப் பொருத்துகிறார்கள். அது வேலையில் சுத்தமானது. இடத்தை மட்டும் அதிகம் கேட்கும்.

தண்டுகளின் நிலையும் விசைகளும்

இணை வகையில் மேல், கீழ்த் தண்டுகள் சம நீளமாகவும் இணையாகவும் இருந்தால், ஆக்சில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பினியனின் கோணம் மாறாது. நீளங்கள் வேறுபட்டால் ஏற்றஇறக்கத்தோடு கோணமும் மாறும். அப்படி வேறுபட்ட அமைப்பில், வண்டி ஒரு பக்கம் சாயும்போது இன்னொரு சிக்கலும் வரும். இடப்பக்கத் தண்டுகள் ஹவுசிங்கை ஒரு திசையிலும் வலப்பக்கத் தண்டுகள் எதிர்த்திசையிலும் திருப்ப முயலும். ஈரத்துணியைப் பிழிவது போல ஆக்சில் குழாய் முறுக்கப்படும். தண்டு முனைகளில் உள்ள ரப்பர் புஷ் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கெட்டியான பாலியூரித்தேன் புஷ் அவ்வாறு இடம்கொடுக்காது, பிராக்கெட்டின் வெல்டிங்தான் விரிசல் விடும்.

தண்டுகளின் சாய்வு வண்டியின் திசையையும் பாதிக்கிறது. கீழ்த் தண்டின் முன்முனை பின்முனையைவிட உயரமாக இருந்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் சற்றுப் பின்னுக்கும் உள்பக்கச் சக்கரம் சற்று முன்னுக்கும் போகும். விளைவாக வண்டியின் பின்பகுதி வளைவின் வெளிப்புறம் விலகும். அதிகம் உயர்த்தப்பட்ட வண்டிகள் நெடுஞ்சாலையில் நிலைகொள்ளாமல் அலைவதற்கு இது ஒரு காரணம்.

ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத மேல், கீழ்த் தண்டுகளைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் முன்னோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளிதான் ஆக்சிலின் அக்கணச் சுழல்மையம். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு வரைந்து, முன் ஆக்சிலுக்கு நேர்மேலே அது எந்த உயரத்தில் செல்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த உயரத்தை வண்டியின் ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால், வேகமெடுக்கையில் பின்பகுதி அமுங்குவதைத் தண்டுகள் எந்த அளவு எதிர்க்கின்றன என்பது தெரியும். சுழல்மையம் பின் ஆக்சிலுக்கு 1,500 மி.மீ. முன்னாலும் தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், 3100இன் நீளத்துக்குக் கோடு முன் ஆக்சிலில் 491 மி.மீ. உயரத்தைத் தொடும். ஈர்ப்பு மையம் 600 மி.மீ. என்றால் எதிர்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. சாலையில் ஓட்டும் வண்டிக்கு இது போதுமானது.

ஆக்சிலில் மேல், கீழ்ப் பிடிகளுக்கு இடையிலான செங்குத்து இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து 7,000 நியூட்டன் விசையில் வண்டியைத் தள்ளுகின்றன, டயரின் ஆரம் 35 செ.மீ., பிடிகள் ஆக்சில் மையத்துக்கு மேலும் கீழும் 10 செ.மீ. தூரத்தில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். தண்டுகள் கிடைமட்டமாக இருந்தால் ஒவ்வொரு கீழ்த் தண்டிலும் ஏறத்தாழ 7,900 நியூட்டன் அழுத்தம் விழும். அது சுமார் 800 கிலோ எடைக்குச் சமம். இடைவெளியைப் பாதியாக்கினால் அதே தண்டில் 14,000 நியூட்டன் வரும். இடம் மிச்சம் என்று பிராக்கெட்டைக் குட்டையாக்குவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

பொருத்தும் முறை

முதலில் முடிவு செய்ய வேண்டியது வண்டி நிற்கப்போகும் உயரம். எந்தச் சக்கரம், எந்த டயர், தரைக்கும் சேஸுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது உறுதியாகாமல் வெல்டிங் இயந்திரத்தைத் தொடக்கூடாது. மேலே சொன்ன கோணங்கள் எல்லாம் அந்த ஒரே உயரத்துக்கு மட்டுமே பொருந்துபவை.

தொட்டியைக் கழற்றிவிட்டால் வேலை எளிது. 3100இன் தொட்டித் தளம் மரப்பலகைகளால் ஆனது. பலகைகளின் இடையே இரும்புப் பட்டிகள் ஓடும். பழைய போல்ட்டுகள் துருவேறிப் பலகையோடு சேர்ந்து சுழலும் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பட்டையைக் கழற்றுமுன் ஆக்சிலின் இருபக்க நிலையையும் சேஸில் உள்ள ஆலைத் துளைகளிலிருந்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பட்டை பிடித்திருக்கும் பிராக்கெட்டுகள் சேஸில் ரிவெட் அடிக்கப்பட்டவை. ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் தேய்த்து, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்துத் தட்டினால் துளை சிதையாமல் வெளியே வரும். வாயுச் சுடரால் வெட்டினால் சேஸின் உலோகம் சூட்டில் பாழாகும்.

பிறகு சேஸை மட்டமாக, முடிவான உயரத்தில் ஸ்டாண்டுகள்மேல் நிறுத்தி, ஆக்சிலையும் அதன் நிலையில் தாங்கி வைக்க வேண்டும். தூக்குக்குண்டு தொங்கவிட்டு நடுக்கோடு பார்ப்பதும், மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். பினியன் கோணத்தை அமைப்பதும் இப்போதே. கியர்பாக்ஸின் பின்முனை 3 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் பினியன் ஏறத்தாழ அதே அளவு மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் இரு கிராஸ் ஜாயின்ட்டுகளின் அதிர்வும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பட்டை வண்டியில் முறுக்கத்தை எதிர்பார்த்துப் பினியனைச் சில பாகை தாழ்த்தி வைப்பார்கள். ஃபோர்-லிங்க்கில் புஷ் அமுங்குவதற்காக 1 பாகை தாழ்த்தினால் போதும். கோணமே இல்லாமல் நேர்கோட்டில் வைப்பதும் கூடாது. ஜாயின்ட்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் பதிந்து தேயும்.

பிராக்கெட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்துவது நல்லது. ஸ்பிரிங் இல்லாமல் தண்டுகளை மாட்டி, ஆக்சிலை ஜாக்கியால் மேல் எல்லை வரை ஏற்றியும் கீழ் எல்லை வரை இறக்கியும், ஒரு பக்கம் மட்டும் தூக்கியும் பார்க்க வேண்டும். தண்டு எதில் இடிக்கிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுபடுகிறது, கை பிரேக் கேபிள் போதுமா, ஷாஃப்ட் சேஸின் குறுக்குச்சட்டத்தைத் தொடுகிறதா என்பதெல்லாம் அப்போதே வெளிப்பட்டுவிடும். ஆக்சில் குழாய்க்கு மேலே இடம் போதாவிட்டால் நெடுஞ்சட்டத்தில் அரைவட்டமாக வெட்டி, தடித்த தகட்டால் வலுவூட்டிய வளைவை வைத்து வெல்டிங் செய்வார்கள். முன் பிராக்கெட்டுகள் அமரும் இடத்திலும் திறந்த ‘சி’ சட்டத்தைத் தகடு வைத்துப் பெட்டியாக மூட வேண்டும். முன்பு பட்டையின் பிடிகள் தாங்கிய தள்ளுவிசை இப்போது வேறொரு இடத்தில் குவிகிறது. மூடாத சட்டம் அங்கே முறுகும்.

இறுதி வெல்டிங்கில் அவசரம் ஆபத்து. புஷ்களைக் கழற்றிவிட்டு, தையல் போலச் சிறுசிறு துண்டுகளாக, இடமும் வலமும் மாறிமாறி வெல்டிங் செய்து ஆறவிட வேண்டும். ஒரே மூச்சில் செய்தால் ஆக்சில் குழாய் வளைந்து, அச்சின் பேரிங்கும் ஆயில் சீலும் விரைவில் போய்விடும். எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாயாது. 1957இல் அறிமுகமான ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலை இந்த வேலைக்குப் பலர் தேர்ந்தெடுப்பதன் ஒரு காரணம், அதன் ஹவுசிங் எஃகுத் தகட்டால் ஆனது என்பது. பிராக்கெட்டை நடுப்பகுதியிலும் எளிதாக வெல்டிங் செய்யலாம். நடுப்பகுதி வார்ப்பிரும்பாக உள்ள ஆக்சில்களில் குழாய்ப் பகுதியோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

ஸ்பிரிங்கும் ஷாக்கும்

சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இணைந்த காயில்-ஓவர் அலகைச் சாய்வாகப் பொருத்தினால் அதன் பலம் சாய்வுக் கோணத்தின் கொசைன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 15 பாகையில் இழப்பு 7 விழுக்காடு. 30 பாகையில் 25 விழுக்காடு. காற்றுப்பை சுமைக்கேற்ப உயரத்தைச் சரிசெய்ய உதவும். ஆனால் காற்றை இறக்கி வண்டியைத் தரையோடு ஒட்டவைத்த நிலையில் தண்டுகளின் கோணம் முற்றிலும் மாறிவிடும். அந்த நிலை நிறுத்திவைக்க மட்டுமே, ஓட்டுவதற்கு அல்ல. இரண்டிலும் ஆக்சிலின் மேல் எல்லையில் ரப்பர் தடுப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தால் வண்டியின் சுமைத்திறன் கூடுவதில்லை. நெல் மூட்டையோ செங்கல்லோ வழக்கமாக ஏற்றும் பிக்கப்புக்குப் பட்டையே பொருத்தம். நல்ல நிலையில் உள்ள பட்டையும் புதிய புஷ்களும் தரமான ஷாக்கும் அதற்குப் போதும்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் முழு எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். நீளம் மாற்றக்கூடிய தண்டுகளில் திருகுமுனை, தன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே சென்றிருக்க வேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் லாக் நட்டுகளை மறுபடி இறுக்கி, பிராக்கெட்டுகளின் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். டயரின் உள்பக்கச் சுவரில் உரசல் தடம் இருந்தால் பேனார்ட் தண்டின் நீளத்தைத் திருத்தி ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவரலாம்.