புளியரை ஏற்றமும் பாரக் கணக்கும்

செங்கோட்டை ஸ்டேஷனில் கொல்லம் பக்கம் போகிற ரயில் வந்து நின்றதும், பின்னால் இன்னொரு எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். "முன்னாடி எஞ்சின் பத்தலை போல" என்று யாராவது சொல்வார்கள். பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, இந்தக் கணவாயில் மனுஷன் பாரம் தூக்கிய காலத்திலிருந்து வர வேண்டும்.

தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் பாதை மிகப் பழைய வியாபாரப் பாதை. வண்டி ஓடுவதற்கு முன்னால் தலைச்சுமைதான். நம் ஊர்ப் பழைய சாலை ஓரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்களே, அதுதான் சுமைதாங்கி. இறக்கிவைத்துவிட்டுத் திரும்பத் தூக்க இன்னொரு ஆள் தேவைப்படாத உயரத்தில் இருக்கும். பிரசவம் ஆகாமல் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இதை நட்டுவைப்பது வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன பாரத்துக்கு ஈடாக, வழிப்போக்கன் பாரத்தை இறக்கிவைக்க ஒரு கல்! பாரத்தைப் பற்றி இதைவிட ஆழமாக யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது மாட்டு வண்டி. மாட்டு வண்டி ஏற்றத் தெரிந்தவர்கள் எவ்வளவு ஏற்றுவது என்பதோடு எங்கே ஏற்றுவது என்றும் பார்ப்பார்கள். முன்பாரம், பின்பாரம் என்பது அவர்கள் வார்த்தை. இரண்டு சக்கர வண்டியில் மூட்டைகளை முன்னால் அடுக்கிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கிவிட்டால் ஏர்க்கால் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும், ரொம்ப இருக்கக் கூடாது. சமதரையில் சரியாக இருக்கிற பாரம் ஏற்றத்தில் பின்னால் போகும், இறக்கத்தில் முன்னால் வரும்.

இதே கணக்குதான் இன்றைக்கு அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களைக் குழப்புகிறது. அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் வீடு மாதிரி ஒரு டிரெய்லரைப் பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு போவார்கள். "வண்டி இவ்வளவு டன் இழுக்கும்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். ஆனால் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாகப் பிக்கப்பின் முதுகில் உட்காரும். 2,500 கிலோ டிரெய்லர் என்றால் 250 முதல் 375 கிலோ. அதோடு குடும்பம், சாமான். இழுக்கிற சக்தி பாக்கி இருக்கும்போதே சுமக்கிற சக்தி தீர்ந்துவிடும்! சுமக்கிற அளவு டிரைவர் கதவோரம் சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. நம் ஊர் வண்டிக்காரருக்கு ஸ்டிக்கர் கிடையாது, மாட்டின் கழுத்துதான் ஸ்டிக்கர்.

சரி, ரயிலுக்கு வருவோம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் துறைமுகமான கொல்லத்தைத் திருநெல்வேலியோடு இணைக்க மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். (செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் வந்தது.) 1904 நவம்பரில் மலைப்பகுதியிலும் ரயில் ஓடியது. இங்கே ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். சைக்கிளில் போனால் பெரிதாகத் தெரியாது. ரயிலுக்கு அது செங்குத்து.

ஒரு சின்னக் கணக்கு. 37-க்கு 1 சரிவில் ஒவ்வொரு டன்னும் சுமார் 27 கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி இழுக்கும். ஒரு பெட்டி ஆட்களோடு 50 டன் என்று வைத்துக்கொள்வோம். 14 பெட்டி 700 டன். கீழ்நோக்கி இழுப்பது மட்டும் ஏறக்குறைய 19 டன். முன்னால் ஒரே எஞ்சின் இருந்தால் இந்த இழுப்பு முழுவதும் முதல் பெட்டியின் கொக்கியில் விழும். பின்னால் ஒரு எஞ்சின் தள்ளினால் அதில் ஒரு பங்கு குறையும். இறக்கத்தில் அதே எஞ்சின் பிடித்துக்கொள்ளவும் உதவும். பின் எஞ்சினின் வேலையில் அந்த மீதிப் பாதி இதுதான்.

2010 செப்டம்பரில் மலைப்பகுதியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை ஆன பிறகு 2018 ஜூனில் மறுபடியும் முறையாகத் திறந்தார்கள். எஞ்சின் பல மடங்கு பெரிதாகிவிட்டது. ஆனாலும் 14 பெட்டிக்கு மேல் விடவில்லை. டிக்கெட் கிடைக்காதவர்கள் புலம்பினார்கள். 2024-ல் 18 பெட்டிகளை வைத்துச் சோதனை ஓட்டம் நடத்திப் பார்த்த பிறகுதான் கை இளகியது. மலை அதே மலைதான், வளைவும் அதே வளைவுதான் என்பதால் இந்த எச்சரிக்கையைக் குறை சொல்ல முடியாது.

ரயிலில் எண்ணிப் பார்த்து அனுப்ப ஆள் இருக்கிறது. பக்கத்திலேயே ஓடுகிற ரோட்டில் கதை வேறு.

புளியரை வழியாகப் போகும் லாரிகளில் பார்வைக்குப் பயமுறுத்துவது வைக்கோல் லாரி. இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு ஆடி ஆடிப் போகும். உயரம்தான் அதன் ஆபத்து, எடை குறைவு. எம்-சாண்ட் லாரி பாடியின் விளிம்புக்குக் கீழேதான் தெரியும், பாவம் போலப் போகும். அதில்தான் விஷயம் இருக்கிறது. மணல், ஜல்லி வியாபாரம் யூனிட் கணக்கில். ஒரு யூனிட் 100 கன அடி. எடை போட்டால் சுமார் நாலரை முதல் 5 டன், நனைந்திருந்தால் இன்னும் கூடும். சட்டமோ டன் கணக்கில். பழைய விதிப்படி ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன். வண்டி எடை போக 9, 10 டன்தான் சரக்கு. இரண்டு யூனிட்டோடு முடிந்தது. மூன்றாவது யூனிட் ஏற்றினால்? டிரைவர் அதே, டோல் அதே, டீசல் கொஞ்சம்தான் கூடும். வாடகை மட்டும் ஒன்றரை மடங்கு. எந்த ஓனர்தான் மூன்றாவது யூனிட்டை வேண்டாம் என்பார்? பேராசை என்று திட்டுவது சுலபம். எல்லோரும் மூன்று யூனிட் ஏற்றும்போது வாடகை அதற்குத் தகுந்த மாதிரி இறங்கிவிடும். அப்புறம் நியாயமாக இரண்டு யூனிட் ஏற்றுகிறவர் வண்டிக்கு வாங்கிய கடனுக்கு டியூ கட்ட முடியாது.

அரசாங்கங்களும் இதில் சம்பாதித்தன. பல மாநிலங்கள் பணம் வாங்கிக்கொண்டு கூடுதல் பாரத்துக்கு கார்டு, பாஸ் கொடுத்துவந்தன. 2005 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இது செல்லாது என்றது. அபராதம் கட்டினால் மட்டும் போதாது, கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும். 2018-ல் மத்திய அரசே ஆறு சக்கர லாரியின் அளவை 18.5 டன்னுக்கு உயர்த்தியது, பின் அச்சுக்கு 10.2-லிருந்து 11.5 டன். 2019 சட்டத் திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று ஆனது.

10.2-க்கும் 11.5-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் தனியாக ரோடு போட்டு, அதில் லாரிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு எடை கூடக்கூட ரோட்டின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடங்கில் கூடும் என்பது அந்தச் சோதனையிலிருந்து வந்த முடிவு. அதன்படி 10.2 டன் 11.5 ஆனால் சேதம் சுமார் 1.6 மடங்கு. மூன்றாவது யூனிட்டின் லாபம் லாரிக்காரருக்கு, ரோட்டுச் செலவு குற்றால சீசனுக்கு பஸ்ஸில் வருகிறவர் உட்பட எல்லோருக்கும்!

ஆனால் ரோடு கெடுவது சின்ன விஷயம். ஏற்றத்தில் பாரம் கூடினால் வண்டி முனகும், நின்றுபோகும். இறக்கத்தில் பிரேக் சூடாகிச் சூடாகிக் கடைசியில் பிடிக்காமல் போகும். அதனால்தான் கீழ் கியரில் இறங்கச் சொல்கிறார்கள். புளியரையில் இறக்கமும் 'எஸ்' வளைவும் சேர்ந்தே வருகின்றன, கீழே ரயில் பாதை.

2024 பிப்ரவரி 25 நள்ளிரவு தாண்டி, கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அந்த வளைவில் கட்டுப்பாட்டை இழந்து தண்டவாளத்தின் மேலேயே விழுந்தது. ஓட்டுநர் பிழைக்கவில்லை. சத்தம் கேட்டு எழுந்த, அருகில் வசிக்கும் வயதான தம்பதி, ரயில் வருகிற சத்தமும் கேட்டு, டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் எதிரே ஓடினார்கள். டிரைவர் வெளிச்சத்தைப் பார்த்து பிரேக் போட்டார். லாரிக்கு முன்னாலேயே ரயில் நின்றது.