அடியிறக்கமும் தண்ணீர்க் குடமும்: அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு, சித்தூர் வட்டத்தை முன்வைத்து

அடியிறக்கத்துக்கு, அதாவது கர்ப்பப்பையோ யோனிச் சுவரோ கீழிறங்குவதற்கு, ஒருமுறை அறுவை செய்துகொண்ட பெண்ணுக்குச் சில ஆண்டுகளில் மறுபடியும் அடி கனக்கத் தொடங்கினால், 'இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், இயற்கையாகவே பார்த்துக்கொள்கிறேன்' என்பாள். நியாயமான விருப்பம்தான். ஆனால் அந்த 'இயற்கை'க்குள் உடற்பயிற்சியை மட்டும் வைத்து, அவள் நாள்தோறும் சுமக்கும் பாரத்தை வெளியே தள்ளுவது பிழை என்பதே என் வாதம்.

கர்ப்பப்பையையே எடுத்தாகிவிட்டது, இனி இறங்க என்ன இருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். யோனியின் உச்சி இறங்கும். சிறுநீர்ப்பையும் மலக்குடலும் அதன் சுவரைத் தள்ளிக்கொண்டு வரும். கர்ப்பப்பை நீக்கியபின் எஞ்சும் பிடிமானத்தை 1992இல் ஜான் டிலான்சி மூன்று நிலைகளாக விளக்கினார்: உச்சியை மேலே பிடித்திருக்கும் நார்கள், நடுப்பகுதியைப் பக்கங்களோடு பிணைக்கும் திசு, வாயிலருகே உள்ள தசையும் திசுவும். மருத்துவர் தைப்பது பெரும்பாலும் நாரையும் திசுவையும்தான். பிரசவத்தில் நைந்த இடுப்புத்தளத் தசை தையலால் பழைய வலுவைப் பெறுவதில்லை. தசை தளர்ந்திருந்தால் பாரம் தையலின்மேல் விழுகிறது.

ஆகவே பயிற்சி வேண்டும். அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2014இல் வெளிவந்த 'பாப்பி' ஆய்வில் பயிற்சி பெற்றவர்களின் தொந்தரவு குறைந்தது. ஆனால் அதில் கலந்துகொண்ட 447 பேரும் புதிதாக இறக்கம் கண்டறியப்பட்டவர்கள். அதே ஆண்டின் 'ஆப்டிமல்' ஆய்வில், அறுவையை ஒட்டிப் பயிற்சி பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கூடுதல் பலன் தெரியவில்லை. இறங்கியதைப் பயிற்சியே மேலே ஏற்றிவிடும் என்று வாக்களிப்பவர்கள் பெண்களை ஏமாற்றுகிறார்கள். யோனிக்குள் வைத்து இறக்கத்தைத் தாங்கும் சிலிக்கோன் பெசரி வளையம் பலருக்கு உடனடி ஆறுதல் தரும். அதைப் பற்றி நம் பக்கத்தில் மிகக் குறைவாகவே பேசுகிறோம். மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் சரிசெய்வதும் சிகிச்சையே. ரத்தக்கசிவோ சிறுநீர் அடைப்போ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக்கூடாது.

இனி பாரம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கே, தமிழ் பேசும் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதிப் பகுதிகள் மழை குறைந்தவை. கோடையில் அங்கே தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்கும். இதே வட்டத்துப் பிளாச்சிமடையில் 2002இல் கோகோ கோலா ஆலைக்கு எதிரே மயிலம்மா முதலான பெண்கள் போராடியதும் கிணற்றுத் தண்ணீர் கெட்டு, தொலைவிலிருந்து சுமக்க வேண்டி வந்ததால்தான். 15 லிட்டர் குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றும் நொடியில் பெண் மூச்சை அடக்குகிறாள். வயிற்றின் அழுத்தம் அப்படியே இடுப்புத்தளத்தில் இறங்குகிறது.

பிரசவக் காயத்துக்கு உள்ள அளவு வலுவான சான்று சுமைக்கு இல்லை என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் 'வெயிட் தூக்கக் கூடாது' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதும்போதே மருத்துவம் அந்தத் தொடர்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. செங்கல்பட்டுப் பகுதிப் பெண்களின் அடியிறக்க அனுபவங்களைக் கேட்டு சுந்தரி ரவீந்திரனும் உடனாய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வும், இந்நோயை வேலையிலிருந்தும் வீட்டுச் சூழலிலிருந்தும் பிரித்துப் பார்க்கவில்லை.

கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு நுட்பம் உண்டு. இருமுவதற்குச் சற்று முன் அடித்தசையை இறுக்கினால் சிறுநீர்க் கசிவு குறைவதை, 1998இல் மில்லர் குழுவினர் மூத்த பெண்கள் 27 பேரிடம் காட்டினர். குடம் எடுக்கும்போதும் இதையே செய்யலாம்: வாயு பிரியாமல் அடக்குவதுபோல் அடியை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி, முழங்காலை மடக்கித் தூக்குவது, அரைக்குடமாக இரண்டு நடை எடுப்பது. ஆனால் நடை இரட்டிக்கும்போது நேரமும் இரட்டிக்கிறது, அந்த நேரமும் அவளுடையதே. அதனால் அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் எடுத்து வருகிறார்கள் என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். குடத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய கணவனையும் மகனையும் அப்போதே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். குழாய் இல்லாத வீடென்றால் அந்தச் சீட்டின் நகல் பஞ்சாயத்துக்கும் போக வேண்டும்.