பட்டம் விடுற பொடியன் மட்ரிட்டுக்குப் போன கதை

மாம்புரியில் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் வீட்டுக்குள்ளும் மணல், சோற்றுக்குள்ளும் மணல். அந்தக் காற்றை நம்பித்தான் எங்கட கரையில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றுக்காகத்தான் கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் பெரிய துணிப்பட்டங்களோடு வந்து கடலில் சறுக்குகிறார்கள். எங்கட பிள்ளைகளுக்கு அவ்வளவு செலவில்லை. ஈர்க்கு, பழைய பேப்பர், வாலுக்குக் கிழிந்த சொப்பின் பேக். பட்டம் ஏறிவிடும்.

போன காற்றுக்காலத்தில் நாங்கள் நாலு பேர் கரையில் இருந்து ஃபோனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கேயோ போய் எங்கேயோ தட்டுப்பட்டது ஒரு ஸ்பானிய மொழிப் பாட்டு. பெயர் ‘கின்ச்சோ பரிலேத்தே’. ‘பரிலேத்தே’ என்றால் பட்டமாம். பட்டம் விடுகிற ஒரு ஏழைப் பொடியனைப் பற்றிய பாட்டு. 1977இல் நிகராகுவா என்ற சின்ன நாடு இதை ஒரு சர்வதேசப் பாட்டுப் போட்டிக்கு அனுப்பி, முதலிடம் எடுத்திருக்கிறது. அதன் பின்னால் இருந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறோம்.

முதலில் போட்டியைப் பற்றி. ஐரோப்பாவின் யூரோவிஷன் போட்டியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1956இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அதைப் பார்த்து ஸ்பானிய, போர்த்துக்கேய மொழி பேசும் நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்கள் சேர்ந்து உண்டாக்கியதுதான் ஓ.டி.ஐ. விழா. முதல் விழா 1972இல் மட்ரிட்டில், கடைசி விழா 2000இல் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவில். ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. எந்தப் பாட்டு போகவேண்டும் என்பதை அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சிதான் முடிவு செய்யும். சில நாடுகள் உள்நாட்டில் பெரிய விழா வைத்துத் தேர்ந்தெடுக்கும். சில நாடுகளில் நிலையமே ஒருவரைப் பிடித்து அனுப்பிவிடும்.

எங்களுக்கு இது புதுசில்லை. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறுகிற போட்டிகளில் வளர்ந்த ஆட்கள்தானே நாங்கள். மேலே போகப்போக எந்த மாதிரிப் பாட்டு ‘சரிவரும்’ என்று எல்லோருக்கும் தெரியும். மொழியின் பெருமை, இயற்கையின் அழகு, சமாதானம். நாட்டின் பெயரால் மேடையேறும் பாட்டு சலவை செய்து மடித்த உடுப்பு மாதிரி இருக்கவேண்டும். ஊத்தை தெரியக்கூடாது.

இப்போது 1977இன் நிகராகுவாவை நினைத்துப் பாருங்கள். சொமோசா குடும்பம் 1930களிலிருந்து நாட்டைக் கையில் வைத்திருந்தது. தகப்பன், பிறகு மூத்த மகன், பிறகு இளைய மகன். 1972 டிசம்பர் 23ஆம் திகதி அதிகாலை நில அதிர்வு வந்து தலைநகர் மனாகுவாவின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கில் சனம் செத்தது. உலகம் முழுக்க இருந்து உதவி வந்தது. வந்த உதவியில் பெரும்பங்கு ஆட்சியாளர்களின் பைகளுக்குள் போனது. சொமோசாவைச் சகித்துக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கமும் வியாபாரிகளும்கூட விலகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மனாகுவாவுக்கு மேற்கே ஒரு குடியேற்றம் இருந்தது. 1960களின் கடைசியில் ஏரி பெருகி வீடிழந்த ஏழைகளைக் கொண்டுபோய் இறக்கிய இடம். நில அதிர்வுக்குப் பிறகு இன்னும் பல குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்த இடத்துக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ‘ஓப்பென் 3’ என்றார்கள். அரசாங்கத்தின் அவசரத் திட்டம் ஒன்றின் பெயர்ச்சுருக்கம், பக்கத்தில் ஒரு இலக்கம். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ஆட்கள் வாழ்கிற ஊர், ஒரு ஃபைலின் பெயரில்.

கார்லோஸ் மெகியா கொதோய் அந்தச் சனத்தின் பேச்சுமொழியிலேயே பாட்டுக் கட்டுகிறவர். 1943இல், வடக்கே சொமோட்டோ என்ற ஊரில் பிறந்தவர். 1970களில் அவர் செய்த ‘விவசாயிகளின் பூசைப் பாட்டுகள்’, கிறிஸ்துவை உழைப்பாளிகளோடு கொண்டுவந்து நிறுத்தியதால் ஆட்சிக்கும் பெரிய இடத்து மதத் தலைவர்களுக்கும் பிடிக்கவில்லை. அவர்தான் கின்ச்சோவின் கதையை எழுதினார். நில அதிர்வுக்குப் பிறகு ஓப்பெனில் வாழ்கிற பொடியன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு, தெருவில் அவன் பெயர் பட்டம். கொஞ்சக் காசுக்குப் பேப்பரும் நூலும் வாங்கிப் பட்டம் செய்வான். வீட்டில் வறுமை. அவனைத்தான் பாட்டு தன் நகரத்தின் வீரன் என்கிறது. ராணுவத் தளபதிகளுக்குச் சிலை வைக்கிற நாட்டில் ஒரு அகதிப் பொடியனுக்கு வாழ்த்து!

மேடையில் பாடியவர் எடுவார்தோ ‘குவாயோ’ கொன்சாலஸ். 1977 நவம்பர் 12, மட்ரிட். அந்தக் காலத்தைக் கவனியுங்கள். 1974 முதல் நிகராகுவாவில் இருந்த முற்றுகைச் சட்டமும் பத்திரிகைத் தணிக்கையும் அந்த வருடம் செப்டம்பரில்தான் தளர்ந்தன. ஒக்டோபரில் சண்டினிஸ்டா கெரில்லாக்கள் பல இடங்களில் தாக்குதல் நடத்தினார்கள். ஸ்பெயினும் அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிராங்கோ செத்து இரண்டு வருடம், சுதந்திரமான தேர்தல் நடந்து ஐந்து மாதம்.

இன்னொரு விஷயம். ஸ்பெயின்காரர் பட்டத்தை ‘கொமேத்தா’ என்பார்கள். ‘பரிலேத்தே’ மத்திய அமெரிக்கச் சொல். பாட்டு முழுக்க மனாகுவாவின் தெருப்பேச்சு. மட்ரிட்டுக்குப் போகிறோமே என்று யாரும் அதைத் திருத்தவில்லை. அப்படியே போய் அப்படியே வென்றது. கம்பஸில் வாய் திறந்தவுடன் “நீங்க புத்தளமா?” என்று சிரிக்கிறவர்களிடம் மாட்டி, ஆறு மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்ட ஆட்கள் நாங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டோம்.

ஓ.டி.ஐ.யின் இத்தனை வருடத்தில் நிகராகுவா வென்றது அந்த ஒரு தடவைதான். வென்ற நாட்டில் அடுத்த விழா நடப்பது வழக்கம். 1978இல் அது நடக்கவில்லை. அந்த வருடம் ஜனவரியில் ‘லா பிரென்சா’ பத்திரிகையின் ஆசிரியர் பெத்ரோ யோகின் சமோரோ சுட்டுக் கொல்லப்பட்டார். ஓகஸ்டில் கெரில்லாக்கள் தேசிய மாளிகையையே பிடித்தார்கள். நாடு எரிந்துகொண்டிருந்தது. விழா சிலியின் சாந்தியாகோவுக்குப் போனது. அங்கே பினோசே ஆட்சி! ஒரு சர்வாதிகாரியின் நாட்டில் நடக்கவேண்டிய விழா இன்னொரு சர்வாதிகாரியின் தலைநகரில் நடந்து முடிந்தது. மின்விளக்கும் இசைக்குழுவும் எல்லா ஆட்சிக்கும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும்.

1979 ஜூலையில் சொமோசா ஓடினார். சண்டினிஸ்டாக்கள் ஆட்சிக்கு வந்தார்கள். பாட்டுத்தான் புரட்சியைக் கொண்டுவந்தது என்று நாங்கள் கதை விடப்போவதில்லை. புரட்சி சனத்தின் உயிரால் வந்தது. ஆனால் ஒன்று நடந்தது. ஓப்பென் 3 என்ற இலக்கம் போய், அந்த இடம் ‘சியூதாத் சந்தினோ’ ஆனது. சந்தினோவின் நகரம். தெருப்பிள்ளைகளுக்காக மனாகுவாவில் உருவான ஒரு அமைப்பு கின்ச்சோ பரிலேத்தே என்றே பெயர் வைத்துக்கொண்டது.

இதோடு முடித்தால் சந்தோசமான கதை. முடியவில்லை. அந்தப் புரட்சியிலிருந்து வந்த தானியேல் ஒர்த்தேகாவின் அரசாங்கம் 2018இல் தெருவில் இறங்கிய இளைஞர்களைச் சுட்டது. செத்தவர்கள் முந்நூறுக்கும் மேல். சண்டினிஸ்டாக்களுக்குக் கீதமே எழுதிக் கொடுத்த மெகியா கொதோய், 75 வயதில் கொஸ்டாரிக்காவுக்கு அகதியாகப் போனார். ஓப்பென் பொடியனைப் பாடியவரே கடைசியில் இடம்பெயர்ந்தவர்.

இனி எங்கட கதை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். அதில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னாரிலிருந்து பல குடும்பங்கள் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தன. எங்களில் இரண்டு பேரின் உம்மா வாப்பா அந்த வள்ளங்களில் வந்த பிள்ளைகள். கிடுகுக் கொட்டில், தண்ணீர் வரிசை, கூப்பன். பிறகு கல்வீடு வந்தது, கரண்ட் வந்தது, பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் இன்றும் “எங்கே இருக்கிறீங்க?” என்று கேட்டால் வாயில் முதலில் வருவது “கேம்ப்பில்” என்பதுதான்.

எங்களில் ஒருத்தி பத்தாம் வகுப்பில் அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாள். உம்மம்மா கொண்டுவந்த திறப்பைப் பற்றி. வீடு இடிந்துபோனது, திறப்பு மட்டும் இருக்கிறது. போட்டிக்குக் கொடுக்கப் போனபோது பொறுப்பாக இருந்தவர் வாசித்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார். “நல்லா இருக்கு மகள். ஆனா இது மேல போகாது. வேற ஒண்டு எழுதுங்க.” அவள் கடலின் அழகைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். அது வலயம் வரைக்கும் போனது.

அந்தப் பாட்டுப் போயிருந்தால் ஏதும் மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. சொல்ல வருவது இதுதான். ஒரு நாடு எதை வெளியே அனுப்புகிறது என்பதைப் பார்த்தால், அது யாரைத் தன் ஆள் என்று நினைக்கிறது என்பது தெரியும். சொமோசாவின் நாட்டிலிருந்தே, ஒரு ஓட்டை வழியாக, ஓப்பென் பொடியன் போய்விட்டான். எங்கட திறப்பு அலுமாரிக்குள்ளேயே இருக்கிறது.

இந்த முறை காற்றுக்காலம் தொடங்கியபோது அவளிடம் பழைய கொப்பியைத் தேடச் சொன்னோம். கிடைத்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் மெட்டு இடிக்கிறது, திருத்திக்கொண்டிருக்கிறோம். சொற்களைத் திருத்தவில்லை. எங்கட பேச்சிலேயே இருக்கட்டும்.