தாய் போர்த்திய துணி

யூதச் சிறுவன் தலையில் குல்லாய் ஏறுவது எப்போது? வைதிகக் குடும்பங்கள் பலவற்றில் 3 வயதில், முதன்முதலாக முடி கத்தரிக்கும்போது. ஆனால் அவர்களுடைய பழைய தல்முத் நூல், சிறுவர்கள் வெறுந்தலையர் என்றே ஓரிடத்தில் சொல்கிறது.

அதே நூலில் ஒரு தாயின் கதையும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டு, பாபிலோனியா. பிள்ளை திருடனாவான் என்று ஜோசியர்கள் சொல்லிவிட்டார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்? தெய்வ பயம் இருக்கட்டுமென்று அவன் தலையைத் திறக்கவே விடவில்லை. காரணம் அவனுக்குத் தெரியாது. வளர்ந்து நக்மான் என்ற பேரறிஞரானான். ஒரு நாள் பேரீச்ச மரத்தடியில் படிக்கையில் துணி நழுவியது. நிமிர்ந்து பார்த்தார், ஆசை மீறியது. மரமேறிக் குலையைப் பல்லாலேயே கடித்து அறுத்தார்!

சட்டம் கேட்காததை ஒரு தாயின் அச்சம் கேட்டது. அந்தச் சின்னக் குல்லாயில் சாஸ்திரத்தைவிட அவள் கைதான் எனக்குத் தெரிகிறது.